அன்று வந்தவர் உங்கள் ஆள்தானா? மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் வழங்கும் அமைப்புகளில் முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு,

போன மாதம் என் அம்மாவுக்கு உங்களில் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரிகள். கணக்கெடுக்க வந்த பணியாளருக்கு அனுமதி மறுக்கப்பட்டதால் சராசரி அடிப்படையில் கட்டணம் போடப்பட்டிருக்கிறது. மீண்டும் மறுத்தால் இணைப்பைத் துண்டிக்க நடவடிக்கை எடுக்கப்படும். அம்மாவுக்கு 74 வயது. தனியாக இருக்கிறார். எனக்குத் தெரிந்து ஒரு பில்லைக்கூடக் கடைசித் தேதிக்குப் பிறகு கட்டியதில்லை. அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் கை நடுங்கியது. துண்டித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை அது. "மறுத்தேன்னு எழுதிட்டாங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒரு அலுவலகம் ஒரு வருத்தக் கடிதம் அனுப்பும், மற்றவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிடுவீர்கள். இது உங்கள் எல்லோருக்கும் உரியது.

என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மதியம், மணி ஒன்றரை இருக்கும். வெளிர்நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் செல்போன். "கரண்ட் ரீடிங் எடுக்கணும்மா" என்றிருக்கிறார். அம்மா திறந்துவிட்டார். முப்பது வருடங்களாக அப்படித்தானே திறந்திருக்கிறார்?

எங்கள் வீட்டில் மீட்டர் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். வீடு கட்டியபோது அது வெளிச்சுவரில் இருந்தது. பிற்பாடு பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். வெளிச்சுவர் உள்சுவர் ஆகிவிட்டது. மீட்டரை வெளியே மாற்றித் தரும்படி அப்பா இருந்தபோதே மனு கொடுத்தார். முதலில் செலவு உங்களுடையது என்றார்கள், சரி என்றார். அப்புறம் ஆள் இல்லை என்றார்கள். அதோடு நின்றுபோனது. இன்றைக்கு அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டுமானால் கூடத்தைக் கடந்து, அம்மாவின் படுக்கையறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டில், அலமாரி, மருந்து டப்பா எதுவும் கண்ணில் படாமல் அங்கே போக வழியில்லை.

வந்தவர் போனார், பார்த்தார், போனில் எதையோ தட்டினார். திரும்பும்போது கூடத்தில் நின்று சுவரில் இருந்த எங்கள் குடும்பப் படத்தைப் பார்த்தாராம். "வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டாராம். அம்மா வெள்ளந்தியாக, "பொண்ணு வேற ஊர்ல இருக்கா, நான் மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை.

பதினொரு நாள் கழித்து இன்னொருவர் வந்தார். ரீடிங் எடுக்க வேண்டும் என்றார். போன வாரம்தானே எடுத்தார்கள் என்று அம்மா சொல்ல, அவர் போனைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை இந்தப் பக்கமே இன்னும் யாரும் வரலையேம்மா" என்றிருக்கிறார்.

அன்று இரவு அம்மா தூங்கவில்லை. மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அன்று மதியம் வந்தவர் உங்கள் ஆள்தானா? முதலில் பேசியவர், ரீடிங் வேலை ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார். ஒப்பந்ததாரர் அலுவலகத்தில், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தேதிவாரியாகச் சொல்ல முடியாது என்றார்கள். மறுபடி உங்களிடமே வந்தேன். மூன்றாவதாகப் பேசியவர் கேட்டார்: "எதுவும் திருட்டுப் போகலையே மேடம், அப்புறம் என்ன?"

அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். யார் என்றே தெரியாத ஒருவருக்கு, என் அம்மா தனியாக இருக்கிறார் என்பதும், அவர் எந்த அறையில் தூங்குகிறார் என்பதும் தெரியும். அவர் உங்கள் பணியாளராகவே இருந்திருக்கலாம், தவறான வீட்டு வரிசையில் வந்திருக்கலாம், ரீடிங் பதிவாகாமல் போயிருக்கலாம். இருக்கலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான், உங்களால் முடியவில்லை. உங்களாலேயே முடியாத காரியத்தை, கதவைப் பாதி திறந்துகொண்டு கண்ணாடி போடாமல் நிற்கும் 74 வயதுப் பெண்மணி முப்பது விநாடியில் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

அதன் பிறகு அம்மா கதவுக்குச் சங்கிலி போட்டார். அடுத்த முறை ரீடிங் எடுக்க வந்தவரிடம் சங்கிலி இடைவெளி வழியாக அட்டையைக் கேட்டார். அவர் ஒரு கை தூரத்தில் காட்டிவிட்டு உடனே இறக்கிவிட்டார். அவசரத்தில் இருந்திருப்பார். "சனிக்கிழமை பொண்ணு வருவா, அன்னைக்கு வாங்களேன் தம்பி" என்றார் அம்மா. அவர் எதுவும் பேசாமல் போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு தட்டுதான் உங்கள் கடிதத்தில் 'அனுமதி மறுப்பு' ஆகியிருக்கிறது.

அம்மா மறுக்கவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னார்.

இதை யாரிடமாவது விளக்கமாகக் கேட்க வேண்டும் என்று அலைந்தபோதுதான், இதே வேலையைச் செய்யும் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவர் வேறு ஒப்பந்ததாரரிடம் வேலை பார்ப்பவர். தன் போனைக் காட்டினார். ரீடிங் எடுக்க முடியாத வீட்டுக்கு மூன்று காரணங்கள்தான் அதில் இருந்தன: வீடு பூட்டு, அனுமதி மறுப்பு, மீட்டர் பழுது. வேறு தேதி கேட்டார்கள் என்று பதிய வழியில்லை. அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள் என்று பதியவும் இடமில்லை. உங்கள் செயலியை வடிவமைத்தவருக்கு, ஒரு வீட்டுக்காரர் நியாயமான காரணத்தோடு காத்திருக்கச் சொல்வார் என்பதே தோன்றவில்லை. மூன்று பொத்தான்களுக்குள் அடங்காத உண்மை எதுவும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேராது.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலை அவர் மீதான புகாராக யாராவது படித்துவிடக் கூடாது. எடுத்த ரீடிங்குக்குத்தான் அவருக்குக் காசு. பூட்டிய வீட்டுக்கு எதுவும் கிடையாது. ஆகவே கதவருகே நின்று நிதானமாக அட்டையைக் காட்டிக்கொண்டிருப்பது அவருக்கு நேரடி நட்டம். நாய்க்கடி வாங்கியிருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து, சிலந்தி வலையை விலக்கி, செல்போன் வெளிச்சத்தில் எண்ணைப் படித்திருக்கிறார். "நான் யாருன்னு உங்க அம்மாவுக்குத் தெரியாது, சரி. உள்ளே யார் இருக்காங்கன்னு எனக்கும்தானே தெரியாது?" என்றார். ஒரு வீட்டில் ஒருவர் உள்பக்கம் தாழ் போட்டுவிட்டுச் சிரித்ததைச் சொன்னார். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் ஒரு பயம். இரண்டு பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்திய நீங்கள் மட்டும் அந்தக் கதவருகே இல்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். மீட்டர் எங்கள் சொத்து, அதைப் பார்க்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. உண்மைதான். ரீடிங் மட்டும் நோக்கம் இல்லை. சீல் உடைந்திருக்கிறதா, வயரை எங்காவது திருப்பிவிட்டிருக்கிறார்களா, எரிவாயு மீட்டர் என்றால் கசிவு இருக்கிறதா என்று நேரில் பார்த்தாக வேண்டும். அதுவும் உண்மைதான். கசிவு என்று யாராவது சொன்னால் அம்மா சங்கிலி, பூட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தெருவுக்கே ஓடிவந்துவிடுவார்.

ஆனால் உரிமை என்று நீங்கள் சொல்வது எப்படிப்பட்ட உரிமை என்பதைச் சட்டத்தை எடுத்துப் படித்தவர்களுக்குத் தெரியும். பிரிட்டனில் இதற்கென்றே 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அவசர நிலை தவிர, குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் நீதிபதியிடம் ஆணை வாங்கி வர வேண்டும். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தில் 163-ஆம் பிரிவு, நியாயமான நேரத்தில், குடியிருப்பவருக்கு வரும் நோக்கத்தைத் தெரிவித்துவிட்டு நுழையலாம் என்கிறது. மறுத்தால்கூட, எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் இணைப்பில் கை வைக்கலாம். அதே சட்டத்தின் 135-ஆம் பிரிவு மின்திருட்டுச் சோதனையைப் பற்றியது. குடியிருக்கும் வீட்டில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை சோதனை போடக் கூடாது, அந்த வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஆண் ஒருவர் உடன் இருந்தால் தவிர, என்கிறது. ஆண் இருந்தால் இரவில் வரலாம் என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் கவனியுங்கள்: திருட்டைப் பிடிக்கப் போகும்போதுகூட, உள்ளே யார் இருப்பார், எந்த நேரம் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். மாதாந்தர ரீடிங்குக்கு ஆள் அனுப்பும் நீங்கள் அந்த அளவாவது யோசித்திருக்க வேண்டாமா?

தெரிவித்துவிட்டு வருவது என்றால் கதவைத் தட்டிவிட்டு "ரீடிங்" என்று கத்துவதில்லை.

அடுத்தது, அந்தச் சராசரிக் கணக்கு. கடிதத்தில் அதை ஏதோ சலுகை போல எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை உண்மையான ரீடிங் வந்ததும் எல்லாம் நேராகிவிடும் என்று கவுன்டரில் சொன்னார்கள். யூனிட்டுக்கு ஒரே விலை என்றால் அது சரி. மீட்டர் எண் கூடிக்கொண்டே போவது, ஒரு தடவை அதிகம் போட்டால் அடுத்த தடவை குறையும். ஆனால் உபயோகம் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும் முறை இருக்கும் இடத்தில் அப்படி நேராகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 யூனிட் வரை குறைந்த விலை, அதற்கு மேலே கூடிய விலை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு பில் காலத்தில் 180, 180 என்று செலவழிக்கிறார். மொத்தம் 360, எல்லாமே கீழ்ப்படியில். முதல் முறை ரீடிங் எடுக்காமல் நீங்களாக 300 என்று போடுகிறீர்கள். 100 யூனிட் மேல்படிக்குப் போய்விட்டது. அடுத்த முறை ரீடிங் எடுத்தால் மீதி 60 வரும். மொத்தம் இப்போதும் 360தான், மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 100 யூனிட்டுக்குக் கூடுதல் விலை கட்டியாயிற்று, இரண்டாவது காலத்தில் கீழ்ப்படியில் 140 யூனிட் இடம் சும்மா கிடக்கிறது. மொத்தத்தை இரண்டு காலத்துக்கும் பிரித்து மறுபடி கணக்குப் போட்டால்தான் அது நேராகும். அதை நீங்களாகச் செய்வீர்களா, கேட்டால்தான் செய்வீர்களா? எங்களுக்குக் கேட்ட பிறகும் நடக்கவில்லை. மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஆக, முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடத் தயங்கினால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைத் தயங்கியவர்தான் கட்டுகிறார்.

இங்கே கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1880களில் எடிசனின் நிறுவனம் வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியபோது மீட்டர் என்பது ஒரு ஜாடி. துத்தநாக சல்பேட் கரைசல், அதில் முக்கிய இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குப் போகும் மின்சாரத்தில் சிறு பங்கு அதன் வழியே ஓடும். ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். நிறுவனத்தின் ஆள் வந்து தகட்டை எடுத்துக்கொண்டு போய் எடை போடுவார். எடையில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுக்குப் பில். ஜாடியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆள் உள்ளே வந்துதான் ஆக வேண்டும், அவர் சொன்னதுதான் கணக்கு. 1888-ல் அமெரிக்காவில் ஷாலன்பெர்கர், 1889-ல் ஹங்கேரியில் பிளாத்தி என்று சுழலும் மீட்டர்கள் வந்த பிறகு அந்த நிலை மாறியது. எண்ணைப் படிக்கத் தெரிந்த யாரும் தன் மீட்டரைப் படிக்கலாம் என்றாகி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. அதில் உள்ள சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஓடியதாகப் பொருள். இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது விநாடிக்கு ஒரு முறை மின்னினால், மணிக்கு 400 முறை. அப்படியென்றால் அந்த நேரத்தில் வீடு மொத்தமும் 125 வாட் இழுக்கிறது. இப்போது குளிர்பதனப் பெட்டி ஓடும்போது ஒரு தடவை, நின்றதும் ஒரு தடவை போய் விநாடி எண்ணிவிட்டு வருகிறார். பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. இவ்வளவையும் கணக்குப் போடத் தெரிந்தவரால் திரையில் ஓடும் எண்ணைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப முடியாதா? அனுப்பினோம். மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி எடுத்து, தேதியோடு அனுப்பினோம். "நுகர்வோர் தரும் ரீடிங் ஏற்றுக்கொள்ளப்படாது" என்று பதில் வந்தது. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. பொய் ரீடிங் கொடுத்தால் அடுத்த தடவை நேரில் பார்க்கும்போது பிடிபட்டுவிடும். எண் எங்கேயும் ஓடிப்போவதில்லை. உங்கள் சராசரிக் கணக்கைவிட எங்கள் படம் எந்த விதத்தில் நம்பக் கூடாதது?

ரீடிங்கைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது, இனி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், ஆகவே இந்தப் புகாரெல்லாம் சீக்கிரம் காலாவதியாகிவிடும் என்றும் ஒருவர் சொன்னார். அந்த மீட்டரை நான் எதிர்க்கவில்லை. அம்மாவுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். ஆனால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தால் ஒரு நாளைக்கு 96 எண்கள், முப்பது நாளில் 2,880. இன்றைக்கு ஒரே ஒரு எண் வாங்கிக்கொண்டு போகிறீர்கள். ஒவ்வொரு சாதனமும் ஓடும்போதும் நிற்கும்போதும் வீட்டின் மொத்த மின்நுகர்வு படிபோல ஏறி இறங்கும். அந்தப் படிகளை வைத்தே உள்ளே எது ஓடுகிறது என்று வெளியிலிருந்து பிரித்தறியலாம் என்று ஜார்ஜ் ஹார்ட் என்பவர் 1992-லேயே விரிவாக எழுதிவிட்டார். அந்த அளவு நுணுக்கத்துக்கு அடிக்கடி அளக்க வேண்டும், சரி. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறாரா, எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது ஊருக்குப் போனார் என்பதற்குக் கால் மணி நேரக் கணக்கே போதும். நெதர்லாந்தில் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என்ற சட்டத்தை 2009-ல் அவர்களுடைய மேலவை இதே அந்தரங்கக் காரணத்துக்காகத் தடுத்து நிறுத்தியது. பிறகு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் நேப்பர்வில் நகர வழக்கில் 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நகர நிர்வாகம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பது அரசியலமைப்பின் பார்வையில் ஒரு சோதனையே என்றது. அந்தச் சோதனை நியாயமானதுதான் என்றும் சேர்த்தே சொன்னது, அதை நான் மறைக்கவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: கூடத்தில் நின்று "வீட்டுல வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டவரின் கேள்விக்கு இனி அந்தப் பெட்டியே பதில் சொல்லும். அந்தப் பதில் யார் யார் கைக்குப் போகிறது என்பதற்கும் உங்களிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு ஆளின் கணக்கையே உங்களால் வைத்திருக்க முடியவில்லை.

எனவே கேட்கிறேன்.

முதலில், 'அனுமதி மறுப்பு' என்று என் அம்மாவின் பெயரில் போட்டிருக்கும் பதிவை நீக்குங்கள். சராசரியாகப் போட்ட பில்லை, உண்மையான ரீடிங்கை வைத்து இரண்டு காலத்துக்கும் பிரித்து மறுபடி போடுங்கள். இதற்கு மனு எழுதித் தரச் சொல்லாதீர்கள். தப்பு நடந்தது உங்கள் பக்கம்.

ரீடிங்குக்கு ஆள் வரும் நாளையும், முற்பகலா பிற்பகலா என்பதையும் இரண்டு நாள் முன்னதாகக் குறுஞ்செய்தியில் சொல்லுங்கள். அதிலேயே வருபவரின் பெயரையும் பணி எண்ணையும் போடுங்கள். செல்போன் இல்லாத முதியவர்களுக்கு முந்தின பில்லிலேயே தேதியை அச்சிடலாம். சரிபார்க்கும் தொலைபேசி எண் பில்லில் இருக்க வேண்டும், வருபவரின் அட்டையில் இருந்தால் பயனில்லை. போலி அட்டை அடிப்பவர் போலி எண்ணையும் அடிப்பார், அந்த எண்ணில் அவருடைய கூட்டாளியே எடுத்து "ஆமாம், எங்கள் ஆள்தான்" என்பார். அந்த எண்ணை எடுப்பவர், இன்ன வீட்டுக்கு இன்னாரை இன்றைக்கு அனுப்பியிருக்கிறோமா என்று அந்த நிமிடமே சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள் என்ற பதில் இனி வேண்டாம். யார் வீட்டுக்கு யார் போனார் என்ற பதிவு உங்களிடமே இருக்கட்டும், குறைந்தது ஓர் ஆண்டுக்காவது.

தனியாக இருக்கும் முதியவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், வேண்டும் என்று விண்ணப்பிப்பவர்கள் எல்லோருக்கும் அடையாளச் சொல் முறையைக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் முன்கூட்டியே உங்களிடம் ஒரு சொல்லைப் பதிந்து வைப்பார். வருபவர் அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். இது என் கற்பனை இல்லை, பிரிட்டனில் மின்சார, எரிவாயு நிறுவனங்கள் உதவி தேவைப்படுவோருக்கான முன்னுரிமைப் பட்டியலில் பதிந்துகொண்டவர்களுக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அம்மா தன் சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார். என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

உங்கள் செயலியில் இரண்டு பொத்தான்களைச் சேருங்கள்: 'வேறு தேதி கேட்டார்', 'அடையாளம் சரிபார்க்கக் கேட்டார்'. இந்த இரண்டுக்கும் சராசரி பில்லோ எச்சரிக்கைக் கடிதமோ போகக் கூடாது. படத்தோடு வரும் ரீடிங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, தேதி சொல்லிவிட்டு, நேரில் வந்து சரிபாருங்கள், சீலையும் அப்போதே பாருங்கள். வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட மீட்டர்களை வெளியே மாற்றக் கேட்டு எத்தனை மனுக்கள் கிடப்பில் இருக்கின்றன என்று பார்த்து, தனியாக வசிப்பவர்களின் மனுக்களிலிருந்து தொடங்குங்கள். என் அப்பாவின் மனுவும் அங்கேதான் எங்கேயோ இருக்கும்.

ரீடிங் எடுப்பவர்களுக்கு, எடுக்க முடியாத வீட்டுக்கும் கூலி கொடுங்கள். அட்டையைக் காட்டி அரை நிமிடம் நிற்க அவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். பயமாக இருக்கிறது என்று அவர்கள் ஒரு வீட்டுக்குள் போக மறுத்தால், அதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எட்டு மாதங்களாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் உங்கள் ஆளா, இல்லையா? தெரியாது என்பதுதான் பதில் என்றால், அதையும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நுகர்வோர் ஒருவரின் மகள்